மீன்களுக்குக் கணக்கு எழுதிய மருத்துவர்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – விலங்கியல்)

மீனைக் கொடியில் பொறித்த பாண்டியரின் தலைநகர் நம் மதுரை. மீன் போன்ற விழியுடையாள் என்று பெயர் பெற்ற அன்னை ஆட்சி புரியும் ஊர் நம் ஊர். அயிரைமீன் குழம்பு என்றால் வெளியூர்க்காரர்களுக்கும் மதுரைதான் நினைவுக்கு வரும். இத்தனை இருந்தும், வைகையில் முன்பு எத்தனை வகை மீன்கள் வாழ்ந்தன, இன்று எத்தனை வகை எஞ்சியுள்ளன என்று யாரேனும் கேட்டால் நம்மில் எத்தனை பேர் விடை கூறுவோம்?

வைகைப் பாசனத்தில் வாழும் மக்களுக்கு ஓர் ஆங்கிலேயரை நன்கு தெரியும். மேற்கே ஓடிக் கடலில் கலந்த பெரியாற்று நீரை, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிய பொறியாளர் பென்னிகுயிக் அவர். 1887இல் தொடங்கி 1895இல் முடிந்த அந்த அணையால் சோறு கண்ட குடும்பங்கள் இன்றும் அவர் படத்தின் முன் பொங்கல் வைக்கின்றன. அதே காலத்தில் இந்நாட்டில் பணிபுரிந்த மற்றோர் ஆங்கிலேயரைப் பற்றி விலங்கியல் மாணவர்களைத் தவிர வேறு எவரும் பேசுவதில்லை. பென்னிகுயிக் நீரைக் கொண்டுவந்தார். இவரோ, அந்த நீருக்குள் என்ன வாழ்கிறது, நாம் கட்டும் கட்டுமானங்களால் அதற்கு என்ன நேர்கிறது என்று கேட்டார். அவர்தான் பிரான்சிஸ் டே. அன்னாரது வாழ்க்கையை இச்சிறு கட்டுரையில் காண்போம்.

இளமையும் இந்திய வருகையும்

பிரான்சிஸ் டே 1829ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் நாள் இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் உள்ள மேர்ஸ்ஃபீல்டு என்னும் ஊரில் பிறந்தார். ஷ்ரூஸ்பரி பள்ளியில் பயின்று, பின்னர் லண்டன் புனித ஜார்ஜ் மருத்துவமனையில் மருத்துவம் கற்றார். 1852இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை மாகாண மருத்துவப் பணியில் உதவி அறுவை மருத்துவராகச் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்து மூன்று. நம்மில் பலர் பட்டம் பெற்று வேலை தேடும் வயது அது.

இரண்டாம் பர்மியப் போரில் படைகளுடன் சென்று பணியாற்றிய பின் அவர் கொச்சிக்கு மாற்றப்பட்டார். அந்த இடமாற்றமே அவர் வாழ்வில் திருப்புமுனையாக அமைந்தது எனலாம். காயலும் கடலும் ஆறும் சூழ்ந்த அவ்வூரில் மீன் இல்லாத கூடை இல்லை. மீன் மணக்காத தெருவில்லை. பகலில் நோயாளிகளைப் பார்த்த மருத்துவர், ஓய்வு நேரத்தில் மீன் சந்தைக்குச் சென்றார். வலை இழுப்போரிடம் பெயர் கேட்டார். கேட்டதை எழுதி வைத்தார். கொச்சியின் பழமையையும் அன்றைய நிலையையும் விளக்கி 1863இல் ஒரு நூல் எழுதினார். மலபார் மீன்களைப் பற்றிய அவரது நூல் 1865இல் வெளிவந்தது. அடுத்து நீலகிரி மலையிலும் அதன் அடிவாரத்திலும் ஓடும் ஆறுகளை ஆராய்ந்து, 1867இல் லண்டன் விலங்கியல் கழகத்தின் ஏட்டில் கட்டுரை வெளியிட்டார். பவானி ஆற்று மீன்கள் சிலவற்றுக்கு அறிவியல் பெயர் கிடைத்தது அவ்வாறுதான்.

டே இத்துறையில் முதல்வர் அல்லர். தரங்கம்பாடியில் வாழ்ந்த டேனிஷ் மிஷன் பாதிரியார் ஜான் என்பவர் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே மீன்களைப் பெர்லினுக்கு அனுப்பினார். அங்கிருந்த பிளாக் என்னும் அறிஞர் அவற்றுக்குப் பெயரிட்டார். நாம் உண்ணும் விராலுக்கு 1793இல் அறிவியல் பெயர் சூட்டியவரும் அந்த பிளாக்கே. கங்கை மீன்களைப் பற்றி ஹாமில்டன் 1822இல் நூல் எழுதினார். தென்னிந்திய நன்னீர் மீன்களை ஜெர்டன் 1849இல் பட்டியலிட்டார். இவர்களெல்லாம் ஆங்காங்கே ஏற்றிய விளக்குகளை ஒன்று சேர்த்து நாடு முழுவதற்கும் வெளிச்சம் காட்டியவர் டே.

எண்ணிப் பார்த்தவர்

மீனை அடையாளம் காண்பது எளிதென்று தோன்றும். ஆனால் சாராயத்தில் போட்டுவைத்த மீன் சில நாட்களில் நிறம் வெளுத்துவிடும். உயிரோடு இருக்கையில் வெள்ளியாக மின்னிய கெண்டையும், மஞ்சளாக ஒளிர்ந்த கெண்டையும் குப்பிக்குள் ஒன்றுபோலவே காட்சி தரும். எனவே நிறத்தை மட்டும் நம்பி வகை பிரிக்க முடியாது. எண்ணிக்கை வெளுப்பதில்லை. முதுகுத் துடுப்பில் எத்தனை முட்கள், எத்தனை மெல்லிய கதிர்கள். உடலின் பக்கவாட்டில் செவுள் முதல் வால் வரை செல்லும் பக்கக்கோட்டில் எத்தனை செதில்கள். வாயருகே எத்தனை மீசைகள் என்று ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். நம் ஆய்வகத்தில் ஊசியும் பூதக்கண்ணாடியும் வைத்துக்கொண்டு ஒரு கெண்டைக்குச் செதில் எண்ணவே அரை மணி ஆகிறது. இடையில் யாரேனும் பேசிவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். டே ஆயிரக்கணக்கான மீன்களை இவ்வாறு எண்ணியவர். மின்விளக்கும் மின்விசிறியும் இல்லாத காலத்தில், கூடாரங்களிலும் பயணியர் விடுதிகளிலும் அமர்ந்து எண்ணியவர்.

இன்னொரு நற்பண்பும் அவரிடம் இருந்தது. இலத்தீன் பெயரோடு நிற்காமல், தமிழ், தெலுங்கு, மலையாளம், இந்தி, வங்காளம் எனப் பல மொழிகளில் மக்கள் அம்மீனை எப்படி அழைக்கிறார்கள் என்பதையும் தம் நூலில் குறித்தார். அவர் காது கேட்டபடி ரோமன் எழுத்தில் எழுதியதால் சில பெயர்கள் உருமாறித் தெரிகின்றன. எனினும் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் நம் மீனவர் வாயில் வழங்கிய பெயர்கள் அந்நூலில் இன்றும் உயிரோடு இருக்கின்றன.

அரசு எழுப்பிய கேள்வி

இதுவரை டே செய்தது ஆர்வத்தால் செய்த பணி. இனி வருவது நாட்டுக்காகச் செய்த பணி.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கில அரசு ஆறுகளின் குறுக்கே வரிசையாக அணைக்கட்டுகளை எழுப்பியது. கொள்ளிடத்தில் ஆர்தர் காட்டன் 1836இல் மேலணையையும் கீழணையையும் கட்டினார். கோதாவரியிலும் மகாநதியிலும் கட்டுமானங்கள் தொடர்ந்தன. பயிர் செழித்தது. ஆனால் கடலில் வாழ்ந்து, முட்டையிட ஆற்றில் எதிர்நீச்சல் போட்டு ஏறும் உல்லம் போன்ற மீன்கள் அணைச் சுவரில் முட்டி நின்றன. முன்னே செல்ல வழியின்றி அணையின் கீழே திரண்ட மீன்களைக் கூடை கூடையாக அள்ளுவது எளிதாயிற்று. மேலே செல்ல வேண்டிய தாய்மீன் அங்கேயே பிடிபட்டால் அடுத்த தலைமுறை எங்கிருந்து வரும்? இந்த ஐயத்தைத் தீர்க்கவே அரசு 1860களின் இறுதியில் டேயை ஒரிசாவுக்கும் வங்காளத்துக்கும் அனுப்பியது. அதைத் தொடர்ந்து இந்தியாவுக்கும் பர்மாவுக்கும் மீன்வளத் தலைமை ஆய்வாளராக அவர் நியமிக்கப்பட்டார்.

தனி ஒருவர் இவ்வளவு பெரிய நாட்டை எப்படி அளப்பது? டே இரண்டு வழிகளைக் கையாண்டார். ஒன்று, தாமே ஊர் ஊராகச் சென்று பார்ப்பது. மற்றொன்று, ஒவ்வொரு மாவட்டத்து அதிகாரிகளுக்கும், தாசில்தார் வரையிலும், ஒரே வகையான வினாத்தாளை அனுப்பி விடைகளைத் திரட்டுவது. மக்களில் எத்தனை பங்கினர் மீன் உண்கின்றனர்? சந்தைக்குப் போதிய மீன் வருகிறதா? முன்பைவிட மீன் கூடியதா, குறைந்ததா? வலைக் கண்ணின் அளவு என்ன? வயல்களிலும் வாய்க்கால்களிலும் மீன்குஞ்சுகளைப் பிடிக்கிறார்களா? நீரில் நஞ்சு கலக்கும் வழக்கம் உண்டா? இவை அவர் எழுப்பிய வினாக்களிற் சில.

விடைகளை ஒன்று திரட்டி 1873இல் அவர் கல்கத்தாவில் வெளியிட்ட நன்னீர் மீன்வள அறிக்கை, இந்திய ஆறுகளில் மனிதன் விளைவித்த கேட்டை நாடு தழுவிய அளவில் ஆராய்ந்த முதல் ஆவணங்களுள் ஒன்று எனின் மிகையாகாது. கண் நெருக்கமான வலைகள், மதகுகளில் வைக்கும் பொறிகள், கோடையில் குட்டங்களைக் கலக்கி நஞ்சிடுதல், மீன் ஏற வழியில்லாத அணைகள் ஆகியவை சேர்ந்து ஆறுகளை வெறுமையாக்குகின்றன என்று அவர் முடிவு கூறினார். அணைகளில் மீன் ஏறிச்செல்ல வழி விட வேண்டும், வலைக் கண்ணுக்கு அளவு விதிக்க வேண்டும், நஞ்சிடுவதைத் தடுக்க வேண்டும் என்று பரிந்துரைத்தார்.

அவர் கண்ட மற்றோர் உண்மை நம்மைச் சிந்திக்க வைப்பது. பழைய ஆட்சிகளில் மீன்பிடி உரிமைக்கு ஏதோ ஒரு கட்டுப்பாடு இருந்தது. ஆங்கில ஆட்சியில் அக்கட்டுப்பாடு பல இடங்களில் தளர்ந்து, யாரும் எப்போதும் எப்படியும் பிடிக்கலாம் என்றாகி, அதனாலேயே அழிவு பெருகியது என்று தம் அரசின் குறையை அவரே எழுதினார். இதைப் படிக்கையில் நம் மேலூர், சிவகங்கைப் பக்கத்துக் கண்மாய்கள் என் நினைவுக்கு வருகின்றன. அறுவடை முடிந்து நீர் வற்றும் வரை கண்மாயில் கை வைக்காமல் காத்திருந்து, ஊர் குறித்த நாளில் ஊத்தாவும் வலையுமாக எல்லோரும் ஒன்றாக இறங்கும் மீன்பிடித் திருவிழாவில் இருப்பதும் அத்தகைய கட்டுப்பாடுதானே!

நூலும் புறக்கணிப்பும்

டேயின் தலையாய படைப்பாகிய ‘இந்திய மீன்கள்’ 1875 முதல் 1878 வரை பகுதி பகுதியாக வெளிவந்தது. இந்தியா, பர்மா, இலங்கை ஆகிய நாடுகளின் கடல் மீன்களும் நன்னீர் மீன்களும் அதில் அடங்கும். 190க்கு மேற்பட்ட படத்தாள்களில் மீன்கள் செதில் பிசகாமல் வரையப்பட்டுள்ளன. அந்நூல் அச்சேறிக்கொண்டிருந்த ஆண்டுகளில்தான் சென்னை மாகாணத்தில் 1876–78 பெரும் பஞ்சம் தலைவிரித்தாடியது. ஏழையின் உணவாகிய மீன் ஆறுகளில் அழிகிறது என்ற எச்சரிக்கை, மக்கள் உணவின்றி மடிவதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே அரசின் மேசையில் இருந்தது என்பதை நாம் மறத்தலாகாது. மீன் இருந்திருந்தால் பஞ்சம் வந்திராது என்று நான் கூறவில்லை. உணவைப் பற்றி ஒருவர் எழுதிக் கொடுத்த கணக்கை அரசு பொறுமையாகப் படித்துக்கொண்டிருந்தது என்பதே என் வருத்தம்.

1877இல் டே ஓய்வு பெற்றுத் தாயகம் திரும்பினார். அங்கும் அவர் ஓயவில்லை. பிரிட்டன், அயர்லாந்து மீன்களைப் பற்றி நூல்கள் எழுதினார். இந்திய விலங்குகளைப் பற்றிய அரசு நூல்வரிசையில் மீன்களுக்கென இரண்டு தொகுதிகளை எழுதி முடித்தார். 1400க்கும் மேற்பட்ட வகைகள் அவற்றில் விவரிக்கப்பட்டன. அத்தொகுதிகள் வெளிவந்த 1889ஆம் ஆண்டிலேயே, ஜூலை 10ஆம் நாள், செல்ட்டன்ஹாம் நகரில் அவர் காலமானார். அப்போது பென்னிகுயிக்கின் அணை பாதி வேலையில் இருந்தது.

அவரது பரிந்துரைகளுக்கு என்ன நேர்ந்தது? 1897இல்தான் இந்திய மீன்வளச் சட்டம் வந்தது. வெடி வைத்தும் நஞ்சிட்டும் மீன் பிடிப்பதை அது தடை செய்தது. அணை, பொறி, வலை பற்றிய விதிகளை அந்தந்த மாகாணம் விரும்பினால் செய்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டது. அறிக்கைக்கும் சட்டத்துக்கும் இடையே இருபத்து நான்கு ஆண்டுகள்! எழுதியவர் மறைந்தும் எட்டு ஆண்டுகள் கடந்திருந்தன. 1934இல் மேட்டூர் அணை எழுந்தபின் காவிரியில் உல்லம் மேலேறி வருவது பழங்கதையாயிற்று.

நிறையும் குறையும்

பெரியோர் வாழ்வை எழுதுகையில் புகழ்ச்சி மட்டும் எழுதுவது நம் வழக்கம். டே குறையற்றவர் அல்லர். லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் மீன்களுக்குப் பொறுப்பாயிருந்த குந்தர் என்னும் பேரறிஞருடன் அவருக்கு ஆயுள் முழுதும் பகை. ஒருவர் வைத்த பெயரை மற்றவர் மறுத்தார். அப்பகையின் விளைவாக, இந்திய ஆறுகளில் அரும்பாடுபட்டுத் திரட்டிய மீன்களில் பெரும்பகுதியை டே 1883இல் ஆஸ்திரேலியாவின் சிட்னி அருங்காட்சியகத்துக்கு விற்றார். நம் நாட்டு மீன் ஒன்றின் மூல மாதிரியைப் பார்க்க விரும்பும் ஆய்வாளர் இன்று சிட்னிக்குச் செல்ல வேண்டியிருப்பது இதனால்தான்.

மற்றொன்று: 1860களில் அவரே இங்கிலாந்திலிருந்து நீலகிரி ஓடைகளுக்கு டிரவுட் மீனைக் கொண்டுவர முயன்று தோற்றவர். அயல் மீனால் உள்ளூர் மீனுக்கு வரும் கேட்டை அக்காலத்து அறிவியல் உணரவில்லை. நாம் உணர்ந்துள்ளோம். 1952இல் இந்தியாவுக்குள் வந்த திலாப்பியா, அதாவது நம் சந்தையின் ஜிலேபிக் கெண்டை, இன்று ஏறக்குறைய எல்லாக் குளங்களிலும் நிறைந்துள்ளது. ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்ப்பு 2000இல் தடை செய்யப்பட்டும் ஒழியவில்லை.

மூன்றாவது குறை, அவர் நூல்களில் மீனின் பெயர் உண்டு. அதைப் பிடித்துக் கொடுத்துப் பெயரையும் சொல்லிக் கொடுத்த மீனவரின் பெயர் பெரும்பாலும் இல்லை. அறிவைக் கொடுத்தவர் பெயரின்றிப் போவது அன்று தொட்டு நடந்து வரும் ஒன்று.

வைகைக் கரையில் நின்று

டே ஓய்வு பெற்றுப் பதினெட்டு ஆண்டுகள் கழித்துப் பெரியாற்று நீர் வைகையில் கலந்தது. 1959இல் வைகை அணை திறக்கப்பட்டது. நகரம் வளர்ந்தது, சாக்கடை ஆற்றில் விழுந்தது, மணல் போயிற்று, ஆகாயத் தாமரை படர்ந்தது. இம்மாற்றங்கள் அனைத்துக்கும் முந்திய தென்னாட்டு ஆறுகளின் சாட்சியாக டேயின் நூல் நம்மிடம் இருக்கிறது. பழைய பட்டியல் ஒன்று கையில் இருந்தால்தான் எது போயிற்று என்று சொல்ல முடியும். பட்டியலே இல்லாத ஆற்றில், இல்லாமற் போன மீனைத் தேடுவோர் கூட இல்லை.

மீன் கணக்கு ஆற்றின் நாடியைப் பார்ப்பதற்கு ஒப்பாகும். கழிவு சேர்ந்து நீரில் ஆக்சிஜன் குறைந்தால், காற்றையும் சுவாசிக்க வல்ல விராலும் தேளியும் தாக்குப் பிடிக்கும், திலாப்பியாவும் பெருகும். ஓடும் தெளிநீரை விரும்பும் சிறு கெண்டைகள் விடைபெறும். மணலில் புதைந்து வாழும் அயிரைக்கு மணல் வேண்டும். ஆகவே எந்த இடத்தில் எந்த மீன் எத்தனை கிடைக்கிறது என்பதே நீரின் நலத்தைச் சொல்லிவிடும். இக்கருத்தை 1981இல் அமெரிக்க அறிஞர் ஜேம்ஸ் கார் ஒரு மதிப்பெண் முறையாகவே வகுத்தார். அதற்கு வேண்டியவை மிகச் சில: ஆற்றில் சில நிலையான இடங்கள், ஒரே வகை வலை, ஒரே அளவு நேரம், எல்லாப் பருவங்களிலும் வருகை, உண்மையாக எழுதும் ஒரு குறிப்பேடு.

என் சொந்த அனுபவம் ஒன்றைக் கூறி முடிக்கிறேன். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். சென்ற விடுமுறையில், எங்கள் ஊர்க் கண்மாயில் என்னென்ன மீன்கள் உண்டு என்று அப்பத்தாவிடம் கேட்டேன். விரால், குறவை, கெளுத்தி, ஆரால், அயிரை, உளுவை, பனையேறி என்று அவர் விரல் மடக்கத் தொடங்கினார். என் செய்முறை ஏட்டில் உள்ளதைவிட அவர் பட்டியல் நீண்டது. சில பெயர்களுக்குரிய மீன் எது என்று எனக்கு விளங்கவில்லை. கொண்டுவந்து காட்டச் சொன்னேன். இப்போது எங்கே இருக்கிறது, நான் சின்னப்பிள்ளையில் பார்த்தது என்றார். எழுதப் படிக்கத் தெரியாத அவரிடம் இருந்த பட்டியலை அன்றிரவே என் ஏட்டில் எழுதினேன். மேலே தேதியிட்டு, கீழே அவர் பெயரையும் எழுதினேன். டே செய்யத் தவறியதை நான் செய்தேன் என்று ஒரு சிறு நிறைவு.

மாணவ நண்பர்களே! நம் கல்லூரியில் பயில்வோரில் பலர் ஆற்றங்கரை ஊர்களிலிருந்தும் கண்மாய்க்கரை ஊர்களிலிருந்தும் வருகிறோம். ஒவ்வொருவரும் வீட்டுப் பெரியவர்களிடம் இவ்வாறு ஒரு பட்டியல் எழுதி வரலாம். விலங்கியல் துறைப் பேராசிரியர்கள் வழிகாட்டினால், அணைக்குக் கீழே ஓரிடம், நகருக்கு மேற்கே ஓரிடம், நகருக்குள் ஓரிடம், விரகனூர் மதகணைக்குக் கீழே ஓரிடம் என நான்கு இடங்களை வரையறுத்து ஆண்டுதோறும் மீன்களை எண்ணி, அக்கணக்கை நூலகத்தில் சேர்க்கலாம். எண்ணிய மீனை ஆற்றிலேயே விட்டுவிடலாம். முதலாண்டுக் கணக்கு பெரிதாக ஒன்றும் சொல்லாது. பத்தாண்டுகள் கழித்து நம் பின்னே வரும் மாணவர்க்கு அதுவே ஆதாரமாகும்.

பிரான்சிஸ் டேயின் சொல்லை அவர் காலத்து அரசு கேட்கவில்லை. ஆயினும் அவர் எழுதி வைத்ததால்தான் இன்று நாம் அதைப் பற்றிப் பேச முடிகிறது. நம் வைகைக்கும் அப்படி ஒரு கணக்கு வேண்டும். அதை எழுதும் பணியை இந்தக் கல்வியாண்டிலேயே தொடங்குவோமாக.